என் முழங்காலுக்கு ஒன்றுமில்லை

தம்பி,

இந்தக் கடிதத்தை அம்மா நானே உன் கையில் தரப்போகிறேன். உன் வீட்டுக்கே வந்து இறங்கப்போகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். சிரி. ஆனால் என் வாயை எனக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருடம் வகுப்பறையில் ஓயாமல் கதைத்த வாய் இது. தேவையில்லாத இடத்தில் மணிக்கணக்காக ஓடும், தேவையான இடத்தில் பூட்டிக்கொள்ளும். விமான நிலையத்தில் உன் முகத்தைக் கண்டதும் பயணம் எப்படி, சாப்பாடு எப்படி என்று தொடங்கி வீடு வந்து சேரும்வரை வேறு எதையாவது கதைத்துக்கொண்டே வருவேன். பிறகு நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு நாள் போகும், ஒரு கிழமை போகும், குழந்தையும் பிறந்துவிடும், சொல்லவேண்டியதைச் சொல்லாமலே திரும்பவும் ஊருக்கு ஏறிவிடுவேன். ஏழு வருடம் அப்படித்தான் போனது. அதனால் லண்டனில் இந்த விமானம் மேலே எழும்பியதும் கைப்பையிலிருந்து கொப்பியை எடுத்துவிட்டேன். ரொறன்ரோ வர இன்னும் ஏழு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கிறது. முன்னால் இருக்கும் மனிதர் தன் இருக்கையை முழுதாகச் சாய்த்துவிட்டார், மடக்கு மேசை என் வயிற்றில் முட்டுகிறது. எழுத்து கோணலாகப் போனால் பொறுத்துக்கொள். பிள்ளைகளின் கோணல் எழுத்துக்குப் புள்ளி குறைத்தவள் நான்.

முதலில் அந்தச் சக்கர நாற்காலியைப் பற்றிச் சொல்கிறேன். கட்டுநாயக்காவில் ரிக்கற்றைக் காட்டியதும் அங்கே இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு என்னை ஓரமாக நிற்கச் சொன்னாள். ஐந்து நிமிடத்தில் ஒருவர் நாற்காலி ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நிறுத்தினார். யாருக்கு என்று கேட்டேன். உங்களுக்குத்தான் என்றார்கள். ஏதோ பிழை நடந்திருக்கிறது, நான் நன்றாக நடப்பவள் என்று அவர்களுக்கு ஆங்கிலத்தில் விளக்கினேன். அந்தப் பெண் மிகவும் பணிவாக, உங்கள் மகன்தான் கேட்டிருக்கிறார், முழங்கால் பிரச்சினை என்று பதிவில் இருக்கிறது என்றாள். எனக்கு வந்த கோபம்! தெல்லிப்பழையில் தினமும் விடிய எழும்பிச் சந்திவரை நடந்துபோய்ப் பாண் வாங்கிக்கொண்டு வருகிறவளை, ஊரெல்லாம் பார்க்க உருட்டிக்கொண்டு போவதா? அங்கேயே உன்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு நாலு பேச்சுப் பேசவேண்டும் என்று கை துடித்தது. பிறகுதான் முழங்கால் என்ற சொல் என் காதில் ஒழுங்காக ஏறியது. போய் அந்தக் கதிரையில் இருந்தேன்.

விமானம் ஏறும் வாசலடியில் எங்களை வரிசையாக நிறுத்தி வைத்தார்கள். எட்டுக் கதிரை, எட்டிலும் எங்கள் ஆட்கள். எல்லோரும் சேலைக்கு மேல் சுவெற்றர் போட்டு, காலில் சொக்ஸ் மாட்டி, மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தோம். எனக்குப் பக்கத்தில் வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஓர் அம்மா. நெற்றி நிறைய விபூதியும் குங்குமமும், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், மகனிடம் நான்காவது தடவையாகப் போகிறாராம். காலில் என்ன வருத்தம் என்று மரியாதைக்குக் கேட்டேன்.

"எனக்கோ? எனக்கொண்டும் இல்லைப் பிள்ளை. பொடியன் ஒவ்வொருக்காலும் உந்தக் கதிரையைப் போட்டுவிடுவான். இறங்கிற இடம், மாறி ஏறுற இடம் ஒண்டும் தெரியாதெல்லே, பாசையும் தெரியாது. உதிலை இருந்தால் நேரை கொண்டுபோய் விடுவாங்கள்." குரலைக் கொஞ்சமும் தாழ்த்தாமல் தொடர்ந்தார். "இந்த வரிசையிலை ஆருக்கும் ஒண்டுமில்லை. அந்தக் கடைசியிலை இருக்கிற மனுசிக்கு மட்டும்தான் உண்மையா ஏலாது. பாவம்."

சொல்லிவிட்டு எழும்பி, விறுவிறுவென்று நடந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து, திரும்பவும் கதிரையில் ஏறி இருந்தார். தள்ளுகிறவர்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. எனக்கு அடக்கமுடியாமல் சிரிப்பு வந்தது. ஆனால் தம்பி, அவருடைய மகன் அந்தக் கதிரையைப் போட்டது தாய்க்கு வழி தெரியாது என்று. நீ எனக்கு அதைப் போட்டது, நான் உனக்குச் சொன்ன ஒரு பொய்யை நம்பி.

அதைத்தான் எழுத வந்தேன். உன் கல்யாணத்துக்கு நான் வராததற்கு முழங்கால் காரணமில்லை. என் முழங்காலுக்கு அப்போது ஒன்றுமே இருக்கவில்லை.

நீ சுகந்தியைப் பற்றி முதன்முதல் சொன்ன அன்று பெயரைக் கேட்டேன், படிப்பைக் கேட்டேன், வேலையைக் கேட்டேன், எல்லாவற்றுக்கும் சந்தோசப்பட்டேன். கடைசியில் ஊர் எது என்று கேட்டேன். மயிலிட்டி என்றாய். தகப்பனுக்கு என்ன தொழில் என்றேன். "கடல்தொழில், அம்மா" என்று நீ ஒளிக்காமல் சொன்னாய். அதற்குப் பிறகு நான் சொன்னது ஒரே ஒரு சொல், உனக்கும் ஞாபகமிருக்கும்: "யோசிப்பம்." சாதி பார்க்காத வீடு நம் வீடு என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தேன். மிசன் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே படிப்பித்து, ஞாயிறு தவறாமல் தேவாலயத்தின் முன் வாங்கில் இருந்து பாடுகிறவள் வேறு என்ன சொல்வாள்? மயிலிட்டிச் சனம் இடம்பெயர்ந்து நம் ஊருக்குப் பக்கத்து முகாமில் வருடக்கணக்காக இருந்தபோது, நத்தார்ப் பண்டிகைக்கு உடுப்பும் கொப்பியும் கட்டிக்கொண்டுபோய்க் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. சின்னப் பிள்ளையாகச் சுகந்தியும் அந்த வரிசையில் நின்று என் கையால் ஒரு சட்டை வாங்கியிருப்பாள். அவர்களுக்குக் கொடுக்க எனக்குத் தெரிந்திருந்தது, அவர்களிடமிருந்து ஒரு பிள்ளையை எடுக்கத்தான் தெரியவில்லை. அதை அன்றைக்கே உள்ளபடி சொல்லியிருந்தால் நீ என்னோடு சண்டை பிடித்திருப்பாய், நானும் விட்டிருக்கமாட்டேன், அழுது கத்தி எங்கேயோ ஒரு முடிவுக்கு வந்திருப்போம். நான் சண்டை பிடிக்கவில்லை. முழங்கால் நோகிறது, அந்த ஒடுங்கின சீற்றில் அத்தனை மணித்தியாலம் காலை மடக்கிக்கொண்டு இருக்க ஏலாது, டொக்டரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றேன். எந்த டொக்டரும் ஒன்றும் சொல்லவில்லை. சுகந்தியின் பெற்றோருக்கு அப்போது விசா கிடைக்கவில்லை. எனக்குக் கிடைத்திருந்தது. அது என் கடவுச்சீட்டில் சும்மா கிடந்து காலாவதியானது. நான் வந்திருந்தால் உங்கள் இரண்டு பேருக்கும் பக்கத்தில் ஒரு தாயாவது நின்றிருப்பாள்.

ஒரு பொய்யைச் சொன்னால் அதோடு விடாது, பிறகு அதைச் சோறு போட்டு வளர்க்கவேண்டும். நீ வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் முழங்காலில் துணிப்பட்டி சுற்றிக்கொண்டு வந்து இருப்பேன். ஒரு நாள் வலது கால், அடுத்த கிழமை இடது கால். நீ கவனிக்கவில்லை, அப்பா கவனித்தார். கணக்கு வாத்தியாரின் கண்ணுக்கு எது தப்பும்? தொலைபேசி அடித்ததும் பட்டியை எடுத்து நீட்டி, "இண்டைக்கு எந்தக் கால்?" என்று கேட்பார். ஒரு தரம் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்து, வருத்தக்காரியைப் பகிடி பண்ணுகிறீர்களா என்று கேட்டேன். "உன்ரை வருத்தத்துக்கு மயிலிட்டி எண்டு பேர். அதுக்கு எண்ணெய் பூசிச் சரிவராது," என்றுவிட்டுப் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். இரண்டு நாள் நான் அவரோடு கதைக்கவில்லை.

அவருக்கு வர எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியாது. சுன்னாகத்தில் ஒரு தையல்காரரிடம் கோட்டுக்கு அளவு கொடுத்துத் தைத்தும் எடுத்துவிட்டார். நடக்க ஏலாத மனுசியைத் தனியே விட்டுவிட்டுப் போனார் என்று ஊர் கதைக்கும் என்று நான்தான் அவரை மறித்தேன். உன் கல்யாணத்தை நாங்கள் இரண்டு பேரும் வீட்டு விறாந்தையில் இருந்து கைத்தொலைபேசியில் பார்த்தோம். அவர் அந்தக் கோட்டைப் போட்டு, கழுத்துப்பட்டியும் கட்டிக்கொண்டு பார்த்தார். அந்த வெயிலில் அவருக்கு வேர்த்து ஊற்றியது, கடைசிவரை கழற்றவில்லை. மூன்றாம் வருடம் அதே கோட்டோடுதான் அவரைப் பெட்டியில் வைத்தோம். உன் அப்பா உன் வீட்டை ஒரு தரமாவது பார்த்திருக்கலாம். பார்க்காமல் போனதற்குக் காரணம் நான். இதைச் சொல்லாமல் மற்றதை மட்டும் சொன்னால் அதுவும் பொய்தான்.

அப்பாவின் அடக்கத்துக்கு நீங்கள் இரண்டு பேரும் வந்தீர்கள். அன்றைக்குச் சேமக்காலையில் அப்பாவுக்கு வெட்டிய கிடங்கடியில் நான் நின்றபோது சுகந்தி எங்கேயோ போய் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மாமி, முழங்கால் நோகும், இருங்கோ" என்றாள். நான் இருந்தேன். ஊரெல்லாம் நின்றுகொண்டிருக்க நான் மட்டும் இருந்தேன், அவள் என் தோளில் கையை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அந்தக் கையின் பாரம் இன்னும் என் தோளில் இருக்கிறது. அவள் என்னை நம்பினாளா, அல்லது எல்லாம் தெரிந்தும் நம்பியதுபோல நின்றாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இன்னொன்றும் இருக்கிறது. கல்யாணம் பேச அவளுடைய அப்பாவும் அம்மாவும் நம் வீட்டுக்கு வந்த நாளைப் பற்றி உனக்கு, "வந்தவை, கதைச்சவை, நல்ல ஆக்கள்" என்று மட்டும்தான் சொன்னேன். தேத்தண்ணி எதில் கொடுத்தேன் என்று சொல்லவில்லை. கண்ணாடி அலுமாரியில் இருக்கும் நீலப்பூப் போட்ட பீங்கான் கோப்பைகளையும் பீரிசுகளையும் உனக்குத் தெரியும். போதகர் வந்தாலும் அதிபர் வந்தாலும் அதில்தான் கொடுப்போம். அன்றைக்கு நான் அலுமாரியைத் திறக்கவில்லை. சமையலறைத் தட்டில் கவிழ்த்திருந்த இரண்டு சில்வர் பேணிகளை எடுத்து ஊற்றிக்கொண்டு வந்தேன். அவர்கள் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. குடித்து முடித்ததும் அந்த அம்மா இரண்டு பேணிகளையும் தானே கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கழுவி வைத்துவிட்டு வந்தார். அப்பா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

போன மாதம் நீ கூப்பிட்டு, சுகந்தியின் அம்மாவுக்கு இந்த முறையும் விசா கிடைக்கவில்லை, சுகந்தி அழுதுகொண்டிருக்கிறாள் என்றாய். முதல் பிள்ளைப்பேறு பார்ப்பது பெண்ணைப் பெற்றவளின் உரிமை. அதைக் கடல் தாண்டியிருக்கும் ஓர் அலுவலகம் ஒரு கடிதத்தில் இல்லை என்று சொல்லிவிட்டது. "உங்களாலை ஏலுமோ அம்மா? முழங்கால்..." என்று நீ இழுத்தாய். உன் குரலுக்குப் பின்னால் அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நீ சொல்லி முடிக்கும் முன்பே நான் "வாறன்" என்றேன். அந்தச் சொல்லைச் சொன்னபோது எனக்கு ஏற்பட்ட ஆறுதலை நான் யாருக்கும் சொல்லவில்லை.

போன கிழமை சுகந்தியின் அம்மா நம் வீட்டுக்கு வந்தார். அவர்கள் திரும்பிப்போய்க் குடியேறிய மயிலிட்டி நமக்கு எட்டாத ஊரில்லை, பஸ்சில் ஏறினால் அரை மணித்தியாலம்கூட எடுக்காது. இந்த ஏழு வருடத்தில் நான் ஒரு தரமும் போனதில்லை. கேற்றைத் திறந்துகொண்டு வந்தவர் மாமரத்தடியில் நின்றுவிட்டார், இரண்டு கையிலும் பை. வாங்கோ என்றேன். நின்ற இடத்திலேயே நின்றார். "உள்ளை வாங்கோ" என்று படியிறங்கிப் போய்ச் சொன்ன பிறகுதான் செருப்பைக் கழற்றினார். நான் அலுமாரியைத் திறந்து நீலப்பூக் கோப்பையைக் கழுவி, தேத்தண்ணியை ஊற்றி, பீரிசில் வைத்துக் கொண்டுபோனேன். அவர் கையை நீட்டவில்லை.

"ஐயோ ரீச்சர், உது கைதவறி விழுந்தால் செற் பிழைச்சுப்போம். எனக்கு அந்தச் சில்வர் பேணி காணும்."

குத்திக் கதைக்கவில்லை, தம்பி. உண்மையாகவே கோப்பைக்குப் பயந்துதான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கமுடியவில்லை. குத்திக் கதைத்திருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லித் தப்பியிருப்பேன். விழுந்தால் விழட்டும் என்று கோப்பையை அவர் கையில் வைத்தேன். பிறகு உள்ளே போய், எனக்குச் சில்வர் பேணியில் ஊற்றிக்கொண்டு வந்து அவருக்கு முன்னால் இருந்து குடித்தேன். அவர் என் பேணியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பிறகு கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து ஆறுதலாகக் குடித்து முடித்தார்.

இந்தக் கொப்பியின் முன்பக்கங்களில் இருப்பதெல்லாம் அவர் அன்றைக்குச் சொன்னதுதான். நான் உன்னைப் பெற்றபோது என் அம்மா எல்லாம் பார்த்தார், எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைபோல ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினேன். "பத்தியக் கறிக்குச் சரக்குத்தூள் வறுத்து இடிச்சுக் கொண்டந்திருக்கிறன். முதல் கிழமை உறைப்பும் வேண்டாம், புளியும் வேண்டாம். மீன் எண்டால் சின்னச் சுறா. அங்கை தமிழ்க் கடையளிலை இருக்காம். உள்ளி கனக்கப் போட்டு வறை வறுத்துக் குடுங்கோ, பால் சுரக்கும்." இப்படிச் சொல்லிக்கொண்டே வந்தவர் நான் எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "தோய வார்க்கேக்கை நாரிக்கு, அந்த இடுப்படிக்கு, கொஞ்சம் சுடச்சுடத் தண்ணி ஊத்திவிடுங்கோ ரீச்சர். முகாமிலை தண்ணி தூக்கித் தூக்கி அவளுக்குச் சின்னனிலையே நாரிநோ. தானாச் சொல்லமாட்டாள்," என்றார். அதையும் எழுதினேன். நாரி என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன், நீயும் பார். ஏழு வருடம் அவளோடு வாழ்கிற உனக்கு அந்த நோ தெரியுமா என்று எனக்கு ஒரு சந்தேகம்.

போக எழும்பியவர் பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்துத் தந்தார். "உங்கடை முழங்காலுக்கு. ப்ளேனிலை இருக்க ஏலாமல் கஸ்ரப்படுவியள் எண்டு பிள்ளை போனிலை சொன்னவள். நானே காய்ச்சின எண்ணெய்." மகளின் கல்யாணத்துக்கு வராமல் ஒளித்த முழங்காலுக்கு அந்தத் தாய் எண்ணெய் காய்ச்சிக்கொண்டு வந்திருக்கிறார். அப்போதே சொல்லிவிட வாயைத் திறந்தேன். "நல்ல வாசமாயிருக்கு" என்றுதான் வந்தது. கேற்றடிவரை போய், இனி என்னை ரீச்சர் என்று கூப்பிடவேண்டாம், சம்பந்தி என்று கூப்பிடுங்கோ என்றேன். அவர் வெட்கப்பட்டுச் சிரித்து, "சரி ரீச்சர்" என்றுவிட்டுப் போனார்.

இப்போது இந்த விமானத்தில் எனக்குப் பக்கத்து இருக்கையில் இருப்பவர் அந்த வல்வெட்டித்துறை அம்மாதான். கீழே முழுவதும் கடல். எங்களோடேயே சூரியனும் மேற்கே வருவதால் பகல் முடிகிறதாக இல்லை. "கடலோடிச் சனம் நாங்கள். கடலைப் பாப்பம் எண்டால் எல்லாத்தையும் மூடி வைச்சிருக்கிறாங்கள்," என்று யன்னல் மறைப்புகளைப் பார்த்து அலுத்துக்கொண்டார். சாப்பாடு வந்தது. பாஸ்ராவை முகர்ந்து பார்த்துவிட்டு மூடி வைத்தார். கைப்பையிலிருந்து தட்டை வடைகளை எடுத்து எனக்கும் இரண்டு தந்தார். வடையைக் கடித்துக்கொண்டே கேட்டார்: "மருமகள் எந்த ஊர்?"

இந்தக் கேள்விக்கு ஏழு வருடமாக என்னிடம் ஒரு பதில் இருந்தது. "கொழும்பிலை படிச்ச பிள்ளை" என்பேன். அது பொய்யுமில்லை, அவள் கொழும்பில் படித்தவள்தான். கேட்டவர்கள் அதற்கு மேல் கேட்கமாட்டார்கள். இன்றைக்கும் கொழும்பு என்று நாக்கு எடுத்துவிட்டது. நிறுத்தி, "மயிலிட்டி" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது, முன்னால் சாய்ந்திருந்த மனிதர் திரும்பிப் பார்த்தார்.

"மயிலிட்டியோ? அப்ப மீன்கறிக்குக் குறைவிராது," என்றார் அந்த அம்மா. "எங்கடை சொந்தத்திலையும் ஒண்டு அங்கை கட்டிக் குடுத்திருக்கு."

அவ்வளவுதான். அடுத்த வடையை எடுத்துவிட்டார். எனக்கு ஏழு வருடம் வாயில் வராத சொல், அவருக்கு அது ஓர் ஊரின் பெயர். பிள்ளைப்பேறு பார்க்கத்தான் போகிறேன், பெண்ணின் தாய்க்கு விசா கிடைக்கவில்லை என்று சொன்னேன். அவர் வடையை மடியில் வைத்தார். "ஐயோ பாவம் அந்த மனுசி. படம் எடுத்து அனுப்பேக்கை ஒண்டு செய்யுங்கோ. எல்லாரும் குழந்தையைத்தான் எடுப்பினம். நீங்கள் அந்தப் பிள்ளையை எடுத்து அனுப்புங்கோ. தாய்க்குத் தன்ரை பிள்ளையின்ரை முகத்தைத்தான் முதல் பாக்கவேணும்." தம்பி, இதை நீ மறக்காதே. உன் கைத்தொலைபேசியால் முதல் படம் சுகந்தியை எடுக்கவேண்டும். மயிலிட்டிக்கு அதுதான் முதலில் போகவேண்டும்.

நீ தகப்பனாகப்போகிறாய், அதனால் நான் புத்தி சொல்லாமல் விட்டால் உனக்கே சந்தேகம் வரும். கேள். உன் பிள்ளையும் ஒரு நாள் யாரையாவது கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வரும். அந்த நாட்டில் அது யாராகவும் இருக்கலாம். அப்போது உனக்கும் எங்கேயாவது நோகும். நோகிற இடத்தை உள்ளபடி சொல், முழங்காலைக் காட்டாதே. சண்டை பிடித்தாலும் பரவாயில்லை, பிள்ளைக்குத் தான் எதோடு சண்டை பிடிக்கிறேன் என்றாவது தெரியும். உன்னிடமும் எனக்கு ஒரு குறை இருக்கிறது. நான் வரவில்லை என்று சொன்ன அன்று நீ, "சரி அம்மா, முழங்காலைப் பாருங்கோ" என்றுவிட்டு வைத்துவிட்டாய். உனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லையா? வந்திருந்தால் ஏன் கேட்கவில்லை? நல்ல பிள்ளை என்று பேர் எடுக்கக் கேள்வியை விழுங்குவது அப்பாவின் பழக்கம், அது உனக்கும் இருக்கிறது. சுகந்தியிடம் அப்படி இருக்காதே. அவள் ஒன்றுமில்லை என்று சொன்னால் இரண்டாம் தரம் கேள்.

ஒரு பகிடியும் சொல்லவேண்டும். நேற்றிலிருந்து இந்த இருக்கைகளில் காலை மடக்கி மடக்கி, இப்போது எனக்கு முழங்கால் உண்மையாகவே நோகிறது. வலது முழங்கால். எழும்பி நடைபாதையில் இரண்டு தரம் நடந்து பார்த்தேன், நோ போகவில்லை. இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல? அப்பா இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். சம்பந்தியின் எண்ணெய் பெட்டிக்குள் இருக்கிறது, வீட்டுக்கு வந்ததும் அதைத்தான் பூசப்போகிறேன். சுங்கத்தில் பெட்டியைத் திறந்து கேட்டால், எண்ணெய், சரக்குத்தூள் என்று உள்ளதை உள்ளபடி சொல்வேன்.

லண்டனில் மாறி ஏறும்போது கதிரை வரும்வரை பொறுக்காமல் நானே நடக்கத் தொடங்கினேன். தள்ளவேண்டியவர் பாவம், மூச்சு வாங்க என் பின்னால் ஓடிவந்து, நீங்கள் நடந்தால் என்னை ஏசுவார்கள் அம்மா என்றார். அந்த மனிதருக்காகத் திரும்பிப்போய் இருந்தேன். ரொறன்ரோவிலும் கதிரையோடு ஒருவர் நிற்பார். அவரையும் ஓடவிடமாட்டேன், கடைசிக் கதவுவரை இருந்து வருவேன். அந்தக் கதவுக்கு முன்னால் இறங்கிவிடுவேன். அதனால் கதவு திறக்கும்போது நீ கதிரையைத் தேடாதே. நடந்து வருகிறவர்களுக்குள் பார். கொஞ்சம் நொண்டிக்கொண்டு வந்தால் சிரிக்காதே.

இந்தக் கடிதத்தை அங்கேயே உன்னிடம் தந்துவிடுவேன். காரில் இருந்து வாசித்து முடி, நான் பக்கத்தில் வாய் திறக்காமல் இருக்கிறேன். உனக்குக் கோபம் வந்தால் கோபப்படு. ஏழு வருடம் முன்பு நீ பட்டிருக்கவேண்டிய கோபம் அது, நான்தான் உன்னிடமிருந்து பறித்து வைத்திருந்தேன். பிறகு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ.

இந்த நிறைமாதத்தில் சுகந்தி விமான நிலையத்துக்கு வரமாட்டாள், வீட்டில்தான் இருப்பாள் என்று சொன்னாய். அது நல்லது. உனக்கு எழுதிவிட்டேன், ஆனால் அவளுக்கு எழுதமாட்டேன், வாயால்தான் சொல்வேன். லண்டனிலிருந்து மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வருகிறேன்: "எனக்கு அப்ப முழங்காலிலை ஒண்டுமில்லை, பிள்ளை. நான்தான் வரேல்லை. இப்ப வந்திருக்கிறன்." இவ்வளவுதான். இதற்கு மேல் விளக்கினால் வாத்தியார் வாய் தொடங்கிவிடும். சேமக்காலையில் எனக்குக் கதிரை தூக்கிக்கொண்டு வந்த பிள்ளை என்னைத் திருப்பி அனுப்பமாட்டாள் என்று என் மனம் சொல்கிறது. அந்த நம்பிக்கையில்தான் சரக்குத்தூளையும் கட்டிக்கொண்டு வருகிறேன்.

அதனால் வீட்டுக்கு வந்ததும் நீ பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போ. குளிர் என்று என் கையைப் பிடித்து இழுக்காதே. அவளுடைய அம்மா நம் மாமரத்தடியில் நின்றதுபோல நான் உங்கள் கதவடியில் நிற்பேன். அவள் வரட்டும், சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். பிறகு அவள் "உள்ளை வாங்கோ" என்று சொல்லும்வரை அங்கேயே நிற்பேன். எவ்வளவு நேரமானாலும் நிற்பேன், தம்பி. என்னால் நிற்கமுடியும் என்று இப்போது உனக்குத் தெரியும்.

அம்மா